பிளேன்டீ, கொத்து, லொட்ஜ் அறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹட்டனிலிருந்து நுவரெலியா, பண்டாரவளை வரை கடைகடையாக ஓடர் எடுக்கும் வேலை. கிழமைக்கு நாலு இரவு லொட்ஜில்தான். பகலில் ரோல்ஸ், வடை, இரவில் கொத்து ரொட்டி. வயிறு முன்னுக்கு வருகிறது. கொத்தை நிறுத்தினால் போதுமா?
– விற்பனைப் பிரதிநிதி

பதில்: கொத்தின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். முதலில் குடிக்கும் தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கள். முதலாளி நீட்டும் பிளேன்டீயைத் தட்டுவது வியாபாரத்துக்கு அழகில்லை, அது சரி. ஆனால் ஒரு கப்பில் குவித்து இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 12 கிராம். ஆறு கடையில் குடித்தால் 70 கிராமைத் தாண்டிவிடும். நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "சீனி போடாம தாங்க" என்று ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கலக்கிய பிறகு சொல்லிப் பயனில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடித்தாலும் அது சீனிக் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது பகல் சாப்பாடு. ரோல்ஸில் இருப்பது கோதுமை மா, கிழங்கு, எண்ணெய். புரதம் சொற்பம், அதனால் பசி சீக்கிரம் திரும்பும். பகலை அப்படி ஓட்டிவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு வயிறு முழுக் கொத்துத்தான் கேட்கும். ஒன்றரைக்குள் சோறு சாப்பிட்டுவிடுங்கள். பார்சல் வேண்டாம், அதில் சோறு மலை மாதிரி, மரக்கறி ஒரு கரண்டி. கடையில் உட்கார்ந்தால் சோற்றைப் பாதியாக்கி, பருப்பு, போஞ்சி, லீக்ஸ், வல்லாரைச் சம்பலைக் கூடக் கேட்கலாம். மீனோ முட்டையோ ஒன்று இருக்கட்டும். அப்பளமும் பொரித்த மிளகாயும் இரண்டாம் தடவை வேண்டாம்.

பத்து மணிப் பசிக்கு லொட்ஜிலேயே பயறு அவிக்கலாம். கால் கப் பயறை இரவு ஊற வையுங்கள். காலையில் வாயகன்ற அரை லீற்றர் ஸ்டீல் பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடேற்றி, அதைக் கொட்டிவிட்டு, வடித்த பயறைப் போட்டு, கழுத்து வரை புதுக் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். மூன்று மணித்தியாலத்தில் மெத்தென்று அவிந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கேத்தல் தளதளக்கும்போதே ஊற்றாவிட்டால் பயறு நறுக்கென்றே இருக்கும். பிளாஸ்க்கைச் சூடேற்றாமல் விட்டாலும், பாதி மட்டும் நிரப்பினாலும் அதே கதிதான். உப்பும் தேங்காய்ப்பூவும் சாப்பிடும்போது சேருங்கள். மத்தியானத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வெதுவெதுப்பில் கிடக்கும் பயறு புளித்துவிடும். கண்ணாடி பிளாஸ்க் இதற்கு ஆகாது. பஸ் குலுக்கலில் உள்ளே உடைந்தால் பயறுக்குள் சில்லு தெரியாது.

இனிக் கொத்து. கிழமைக்கு ஒரு நாள் சாப்பிடுங்கள். "ரொட்டி பாதி, மரக்கறி கூட, எண்ணெய் குறைச்சு" என்று தட்டத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். மற்ற இரவுகளில் ஐந்தாறு இடியப்பம், பருப்பு, அவித்த முட்டை. படுக்கப் போகுமுன் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல்.

கேள்வி: குளிரில் காலையில் வெளியே ஓட முடியவில்லை. அறைக்குள் என்ன செய்யலாம்? இறக்கத்தில் நடந்தால் முழங்கால் வேறு வலிக்கிறது.
– வெளிக்கள உத்தியோகத்தர், தலவாக்கலை

பதில்: பனிமூட்டத்தில் வளைவு ரோட்டில் ஓடாமல் இருப்பதே நல்லது. அறைக்குள் நின்ற இடத்திலேயே மூன்று நிமிடம் நடை, பிறகு கதிரையில் உட்கார்ந்து எழும்புவது 10 தடவை, சுவரில் கையூன்றித் தள்ளுவது 10, படியோரத்தில் குதிக்காலை உயர்த்துவது 15. மூன்று சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கதிரையின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில் காலுறையோடு செய்தால் வழுக்கி விழுவீர்கள்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது அதனால். எட்டு வைப்பதைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, சரிவில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். முழங்கால் வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: எனக்கு இரத்தச்சோகை. பயிற்சி வகுப்புகளுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிக்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை.
– பெண் பயிற்றுநர், பதுளை

பதில்: அந்தத் தேத்தண்ணிதான் உங்களுக்கு எதிரி. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், பிறகு ஒரு கொய்யாப்பழம். இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் போடுங்கள்.

கேள்வி: கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வருகிறது. பட்டினியாகவே பஸ் ஏறுகிறேன். சரியா?

பதில்: பட்டினி வாந்தியைக் கூட்டும். ஒரு மணித்தியாலத்துக்கு முன் காய்ந்த பாணோ பிஸ்கட்டோ கொஞ்சம் சாப்பிடுங்கள். முன் ஆசனத்தில் இருந்து தூர ரோட்டைப் பாருங்கள்; ஃபோன் பைக்குள் இருக்கட்டும். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், இறங்கியதும் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டியிருந்தால் போடாதீர்கள்.