கராஜ் டோர் ஓப்பனர்: சரி பண்றதா, மாத்துறதா?

கராஜ் கதவ மோட்டார் வச்சு தெறந்து மூடுற ஓப்பனர் பத்தி சேர்ந்து கெடந்த கேள்விய எல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். முக்கால்வாசி பேர் கேக்குறது ஒரே விஷயம், ரிப்பேர் பண்ணலாமா இல்ல கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டலாமான்னு. நான் திருப்பிக் கேக்குறதும் ஒரே விஷயம்தான்: அந்த செவப்புக் கயித்த இழுத்துப் பாத்தீங்களா?

ஓப்பனர் வாங்கி நாலு வருஷம்தான் ஆச்சு. கதவு பாதி ஏறி நின்னுடுது, மோட்டார் முக்குது. பாக்க வந்தவர் மோட்டார் வீக், புது யூனிட் போட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. போட்டுடலாமா?

அவசரப்படாதீங்க. கதவோட கனத்த தூக்குறது மோட்டார்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க, உண்மையில தூக்குறது மேல இருக்குற ஸ்பிரிங். ரெண்டு கார் அகலக் கதவு 70, 80 கிலோ சாதாரணமா வரும், ஆனா ஸ்பிரிங் சரியா இருந்தா அத ஒத்தக் கையால தூக்கிடலாம், மோட்டாருக்கு வேலை சும்மா இழுத்து விடுறதும் தள்ளி விடுறதும் மட்டும்தான். ஸ்பிரிங் தளந்து போச்சுன்னா அந்தப் பாரம் பூரா மோட்டார் தலைல வந்து எறங்கும், அது முக்கத்தான் செய்யும்.

கதவ முழுசா மூடிட்டு, ஓப்பனர்லேர்ந்து தொங்குற செவப்புக் கயித்த கீழ இழுங்க. கதவும் மோட்டாரும் தனித்தனியா பிரிஞ்சிடும். இப்ப கையால தூக்கி இடுப்பு ஒயரத்துல மெதுவா விட்டுப் பாருங்க. அப்படியே நின்னா ஸ்பிரிங் நல்லா இருக்கு, அப்ப மோட்டார சந்தேகப்படலாம். கீழ எறங்குனாலோ, தூக்கவே முடியலன்னாலோ மோட்டார் மேல பழியே இல்ல. ஒரு விஷயம், கதவு தெறந்து நிக்கும்போது கயித்த இழுக்காதீங்க, ஸ்பிரிங் ஒடஞ்சிருந்தா மொத்தக் கதவும் தடால்னு வந்து விழும்.

ஸ்பிரிங்குக்கு ஆயுசு வருஷக் கணக்குல இல்ல, தடவைக் கணக்குல. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை தெறந்து மூடுறதுக்குன்னு செஞ்சது, நாளைக்கு நாலு தடவைன்னா ஏழு வருஷம் கூட வராது. உங்க ஓப்பனருக்கு நாலு வயசு, சரி, ஸ்பிரிங்குக்கு எத்தனை வயசு? பழைய கதவுல புது ஓப்பனர் மாட்டியிருந்தா ஸ்பிரிங் அப்பவே கெழவனா இருந்திருக்கும். ஸ்பிரிங் மாத்துற வேலைய மட்டும் நீங்களா செய்யாதீங்க, முறுக்கி வச்ச ஸ்பிரிங் கை தவறுனா எலும்ப ஒடச்சிடும், நான் பாத்திருக்கேன். கதவோட அடி மூலைல கேபிள் மாட்டியிருக்குற போல்ட்டும் அதே கதைதான், அதையும் தொட வேண்டாம்.

செயின் டைப், 14 வருஷம் ஆச்சு. பட்டன அமுக்குனா மோட்டார் சுத்துற சத்தம் நல்லா கேக்குது, செயின் அசையவே இல்ல. மேல இருந்து வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது.

அந்த மாவுதான் உங்க கியர். மோட்டார் சுத்துறத செயினுக்குக் கடத்துற எடத்துல ஒரு நைலான் கியர் இருக்கும், அது தேஞ்சு பல்லு போயிடுச்சு. கியர் கிட் தனியா கெடைக்கும், ஸ்குரூ டிரைவர் புடிக்கத் தெரிஞ்சவருக்கு ரெண்டு மணி நேர வேலை, கிரீஸ் கை நெறைய அப்பிக்கும், அவ்ளோதான். பெரும்பாலும் அதிகச் சுமை வந்தாதான் அந்தக் கியர் சீக்கிரம் சாகும், அதனால கியர மாத்துறதுக்கு முன்னாடி மேல சொன்ன கயிறு டெஸ்ட்ட பண்ணிடுங்க, இல்லன்னா புதுக் கியரும் கொஞ்ச நாள்ல மாவாயிடும்.

இப்ப மாத்துறதா இல்லையா? பொதுவா ஒரு ஓப்பனர் 10லேர்ந்து 15 வருஷம் ஒழைக்கும், உங்களுது கடைசி ஓவர்ல நிக்குது. நீங்களே கியர் மாத்துவீங்கன்னா மாத்துங்க, செலவு கம்மி. ஆள் கூலி குடுத்து செய்யணும்னா நான் பண்ண மாட்டேன், ஏன்னா அடுத்து உள்ள இருக்குற சர்க்யூட் போர்டு போகும், அதுக்கு ஒரு கூலி, அப்பறம் கதவு எங்க நிக்கணும்னு சொல்ற லிமிட் ஸ்விட்ச், அதுக்கு ஒரு கூலி. ரிப்பேர் பில்லு புது யூனிட் வெலைல பாதிய தாண்டுச்சுன்னா நான் புதுசுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

கதவு கொஞ்சம் எறங்கி திரும்ப மேல போயிடுது, லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. சாயங்காலத்துல மட்டும்தான் இந்தத் தொல்லை.

சாயங்காலம்னு சொன்னீங்க பாருங்க, அங்கயே பதில் இருக்கு. கதவோட ரெண்டு பக்கமும் தரைக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி சென்சார் இருக்கும், ஒண்ணு ஒளிய அனுப்பும், இன்னொண்ணு வாங்கும். வாங்குற பக்கத்துல நேரா வெயில் அடிச்சா அது கண்ணு கூசி நடுவுல யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கும். ரெண்டையும் எடம் மாத்தி, வாங்குறது நெழல்ல வர்ற மாதிரி வைங்க, இல்ல ஒரு அட்டைக் குழாய சுத்தி மாட்டி வெயில மறைங்க. எந்த நேரமும் இப்படித்தான்னா, லென்ஸ்ல தூசி, சிலந்தி வலை, இல்ல கால் இடிச்சு திரும்பியிருக்கும், நேரா வச்சா சரியாயிடும். மாத்துற பேச்சுக்கே எடமில்ல.

எங்க வீட்டு ஓப்பனர் 1980கள்ல மாட்டுனது, இன்னும் கல்லு மாதிரி ஓடுது. சென்சார் எல்லாம் கெடையாது. நல்லா ஓடுறத எதுக்கு மாத்தணும்?

இதுல மட்டும் நான் வாதம் பண்ண மாட்டேன், மாத்துங்க. அமெரிக்காவுல 1993 ஜனவரி 1லேர்ந்து தயாராகுற வீட்டு ஓப்பனர் எல்லாத்துக்கும் சென்சார் மாதிரி ஒரு பாதுகாப்பு கட்டாயம்னு சட்டமே கொண்டு வந்தாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி கதவுக்கடில குழந்தைங்க மாட்டி செத்துப் போயிருக்காங்க. கல்லு மாதிரி ஓடுதுன்னு சொல்றீங்களே, கல்லுக்கு கீழ யார் இருக்காங்கன்னு தெரியாதுல்ல, அதான் பிரச்சினை.

மாத்துற வரைக்கும் ஒரு டெஸ்ட் பண்ணுங்க, புது ஓப்பனர் வச்சிருக்குறவங்களும் மாசம் ஒரு தடவை பண்ணலாம். ஒண்ணரை இஞ்ச் கனத்துல ஒரு மரக்கட்டைய கதவு எறங்குற எடத்துல படுக்க வச்சு மூடுங்க. கட்டைய தொட்டதும் ரெண்டு செகண்டுக்குள்ள கதவு திரும்ப மேல போகணும். நசுக்கிக்கிட்டு நின்னுச்சுன்னா அந்த ஓப்பனர பிளக்க புடுங்கிட்டு கையாலயே தெறந்து மூடுங்க.

இன்னொண்ணு, அந்தக் காலத்து ரிமோட்ல சின்னச் சின்ன ஸ்விட்ச்ச மேல கீழ தள்ளி கோட் வைப்பாங்க, அது எப்பவும் ஒரே கோட், ஒரு தடவை ஒட்டுக்கேட்டு பதிவு பண்ணிட்டான்னா எவன் வேணாலும் தெறந்துடலாம். 90கள் நடுவுலேர்ந்து வந்ததுல ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கோட் மாறிடும். இந்த ஒண்ணுக்காகவே கூட மாத்தலாம்.

ரிமோட் முன்னாடி தெரு முனைலேர்ந்தே வேலை செஞ்சுது, இப்ப கதவுக்கிட்ட வந்து நின்னாத்தான் கேக்குது. பேட்டரி புதுசு போட்டுட்டேன்.

ஓப்பனர்ல பல்பு மாத்துனீங்களா? சிரிக்காதீங்க, மலிவான எல்இடி பல்பு சிலது ரேடியோ எரைச்சல கெளப்பும், அது ரிமோட் சிக்னல அமுக்கிடும். பல்ப கழட்டிட்டு ரிமோட்ட அமுக்கிப் பாருங்க. தூரம் திரும்ப வந்துடுச்சுன்னா கராஜ் ஓப்பனருக்குன்னே விக்கிற எல்இடி வாங்கிப் போடுங்க. இதுக்காக புது ரிசீவர் வரைக்கும் போனவங்க இருக்காங்க.

இடி இடிச்சதுலேர்ந்து ஒண்ணுமே வேலை செய்யல, லைட்டு கூட வரல. ஆறு வருஷப் பழசு.

மொதல்ல அந்த பிளக்ல வேற எதாவது சொருகிப் பாருங்க, பிரேக்கர் விழுந்திருக்கும். கரண்ட் வருதுன்னா போர்டு போயிருக்கும். ஆறு வருஷம்தானே, அதே மாடலுக்கு போர்டு கெடைச்சா மாத்துறதே மேல், நாலு ஒயர், ரெண்டு மூணு ஸ்குரூ, அப்பறம் ரிமோட்ட எல்லாம் புதுசா சொல்லிக் குடுக்கணும். போர்டு நிறுத்திட்டாங்கன்னா வேற வழியில்ல, புதுசுதான். எப்படியும் கரண்ட் திடீர்னு எகிறுனா தடுக்குற ஒரு சர்ஜ் புரொடெக்டர் போட்டுக்குங்க.

ஓப்பனர்ல கோளாறு எதுவும் இல்ல, சத்தம் மட்டும் தாங்கல. கராஜுக்கு மேல பெட்ரூம். பெல்ட் டைப்புக்கு மாறிடவா?

பெல்ட் அமைதிதான், சந்தேகமே இல்ல. ஆனா சத்தம் ஓப்பனர்ல வருதா கதவுல வருதான்னு பாத்தீங்களா? மறுபடியும் அந்தக் கயிறுதான், இழுத்துட்டு கையால தெறந்து மூடுங்க. கடகடன்னு அப்பவும் கேட்டா ரோலரும் கீலும் தேஞ்சிருக்கு, நைலான் ரோலர் மாத்தி, கீலுலயும் ஸ்பிரிங்லயும் லித்தியம் ஸ்பிரேயோ சிலிக்கான் ஸ்பிரேயோ அடிங்க, ரோலர் ஓடுற டிராக்குக்கு மட்டும் கிரீஸ் பூசாதீங்க, அதுல தூசி ஒட்டி இன்னும் மோசமாயிடும். கதவு அமைதியா ஓடுது, ஓப்பனர் மட்டும்தான் கத்துதுன்னா பெல்ட்டுக்குப் போங்க, இல்ல சொவத்துல மாட்டுற டைப்புக்குப் போங்க, அதுல சீலிங்ல எதுவும் தொங்காது, மேல ரூமுக்கு அதிர்வும் ரொம்பப் போகாது.

கதவு தரையத் தொட்டதும் திரும்ப மேல ஏறிடுது. புது ஓப்பனர், மாட்டி ஒரு வாரம்தான் ஆச்சு. திருப்பிக் குடுத்துடலாமா?

வேண்டாம். எறங்குற தூரத்த தேவைக்கு மேல வச்சுட்டாங்க, தரை வந்ததும் இடையில எதோ தடுக்குதுன்னு நெனச்சு அது திரும்பிடுது. அதோட புக்ல டவுன் லிமிட்னு போட்டிருக்குற எடத்தப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. வச்சு முடிச்சதும் மரக்கட்டை டெஸ்ட்ட ஒரு தடவை போட்டுடுங்க.