சாவி அப்பாவிடம் இருந்தால் மிஷன் மண்டபம் எங்களுக்குச் சொந்தமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் காரைநகரில் அப்பப்பாவின் தகப்பன் அமெரிக்க மிஷனுக்கு இரண்டு பரப்புக் காணி கொடுத்தார். அதில் கட்டிய ஜெப மண்டபத்தில் 1991 இடப்பெயர்வுக்குப் பிறகு ஆராதனை இல்லை. ஊர் திரும்பியபோது, பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சபையார் சாவியை அப்பாவிடம் கொடுத்தார்கள். போன மாதம் பக்கத்துக் காணிக்காரர் கதியால் (வேலிக்கு நடும் மரக்கிளை) போட்டு ஒரு பக்கத்தை அடைத்துவிட்டார். காணி உறுதி (பத்திரம்) எங்களிடம் இல்லை. காணியை எங்கள் பெயருக்கு மாற்றலாமா?

பதில்: வேலி விஷயத்தில் நாளைக் கடத்த வேண்டாம். காணித் தகராறு அடிதடி வரை போகக்கூடும் என்றால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டம் 66ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம். பலவந்தமாகப் பறித்தது மனுவுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருந்தால் ஆட்சி, அதாவது காணியைக் கையில் வைத்திருக்கும் நிலை, திரும்பக் கிடைக்கும். கதியால் துளிர்க்குமுன் படம் எடுத்துவிட்டு, பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். அந்த நீதிமன்றம் ஆட்சியை மட்டும்தான் பார்க்கும். சொந்தம் யாருக்கு என்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

அங்கே சாவி உங்களுக்கு உதவாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருட ஆட்சி உரித்தாக வேண்டுமென்றால், அது உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக இருக்க வேண்டும். சபையார் சொல்லி மண்டபத்தைப் பூட்டித் திறந்தவர் பராமரிப்பாளர்தான். எத்தனை வருடம் முற்றம் கூட்டினாலும், அவர்களை வெளிப்படையாக மறுக்காதவரை அது சொந்தமாகாது. மண்டபம் மூடிக் கிடப்பதாலும் அவர்கள் உரித்து அழியாது. காணி தரும நம்பிக்கைப் பொறுப்பாக (டிரஸ்ட்) கொடுக்கப்பட்டிருந்தால், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் இறுக்கமானது: அதை மீட்கும் வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது என்ற வாதம் எடுபடாது. பக்கத்துக் காணிக்காரருக்கும் இதே சட்டம்தான்.

அப்புறம், உறுதி. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். யாழ்ப்பாணப் பதிவகத்தில் காணியின் பெயரையும் எல்லைகளையும் கொடுத்துத் தேடுங்கள். 'ஆராதனை நின்றால் காணி வாரிசுகளுக்குத் திரும்பும்' என்று அதில் எழுதியிருந்தால் மட்டும் உங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. வெறுமனே 'ஜெபத்துக்காக' என்றிருந்தால் திரும்பாது.

அப்படியானால் வழக்கை விடுங்கள் என்பேன். உங்கள் பூட்டன் மனமுவந்து கொடுத்த காணி அது. அமெரிக்க மிஷன் சபைகளில் பெரும்பாலானவை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. பதிவில் இப்போது யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் பேசி, ஊர்ப் பிள்ளைகள் படிக்க எழுத்தில் குத்தகை கேளுங்கள். அதுவரை ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம்.