தம்பி தந்தையின் பின்னால் தொழ மறுக்கிறான்: மார்க்கத்தில் அறிவுக்கு இடம் உண்டா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. ஓராண்டாக மார்க்க உரைகளை இடைவிடாமல் கேட்கிறான். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குர்ஆனிலும் ஹதீஸிலும் (நபிமொழியிலும்) உள்ள சொல்லை அப்படியே எடுக்க வேண்டும், விளக்கம் சொல்வதும் அறிவைப் பயன்படுத்துவதும் வழிகேடு என்கிறான். சுப்ஹுத் (அதிகாலைத்) தொழுகையில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவதால் வாப்பாவின் பின்னால் தொழ மறுக்கிறான். சென்ற மாதம் ஒரு வாக்குவாதத்தில் மாமியைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு மாமி வீட்டுக்கு வருவதில்லை. ‘மார்க்கத்தில் கட்டாயம் இல்லை’ என்ற வசனத்தைச் சொன்னால், அதன் சட்டம் பின்னர் வந்த வசனத்தால் நீக்கப்பட்டுவிட்டது என்கிறான். ‘கொஞ்சம் பகுத்தறிவோடு யோசி’ என்று நான் சொன்னால் சண்டை முற்றுகிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த ‘பகுத்தறிவோடு யோசி’ என்ற வாக்கியத்தைக் கைவிடுங்கள். நீங்கள் சொல்ல நினைப்பது தவறு என்பதால் அல்ல. அவன் காதில் அது ‘இறைவன் சொன்னதை விட்டுவிட்டு உன் விருப்பப்படி நட’ என்றுதான் விழுகிறது. மன விருப்பத்துக்கு ஏற்ப வேதத்தை வளைத்துவிடக் கூடாது என்ற அவனுடைய அச்சம் நல்ல அச்சம். அதைக் குறைத்துப் பேசாதீர்கள். அவன் இடறுகிற இடம் வேறு. மற்றவர்கள்தான் விளக்கம் சொல்கிறார்கள், தான் எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லை அப்படியே எடுக்கிறேன் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கான சான்றுகள் வெளியே எங்கும் இல்லை; அவன் மதிக்கும் அதே நூல்களில் இருக்கின்றன.

குர்ஆனின் 2:228-ஆம் வசனத்தை அவனோடு சேர்ந்து படியுங்கள். மணவிலக்குச் செய்யப்பட்ட பெண்கள் மூன்று ‘குரூஉ’ காத்திருக்க வேண்டும் என்கிறது அது. அரபியில் இந்தச் சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு. இரண்டு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் என்றும் பொருள் உண்டு. ஸுன்னி முஸ்லிம்களின் நான்கு மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) ஹனஃபீ, ஹன்பலீ அறிஞர்கள் முதல் பொருளை எடுத்தார்கள். ஷாஃபிஈ, மாலிகீ அறிஞர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். இத்தா என்ற அந்தக் காத்திருப்புக் காலம் எந்த நாளில் முடிகிறது, அந்தப் பெண் எப்போது மறுமணம் செய்யலாம் என்பதே இதனால் மாறுகிறது. ‘சொல்லை அப்படியே எடு’ என்றால் இரண்டில் எதை எடுப்பது? அவன் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் சொல்வான். அந்தக் காரணம் சொல்லும் வேலைக்குப் பெயர்தான் இஜ்திஹாத். அதை அறிவைக் கொண்டல்லாமல் வேறு எதைக் கொண்டு செய்ய முடியும்?

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 657-இல் முஸ்லிம்களுக்குள் நடந்த சிஃப்பீன் போருக்குப் பின், ‘தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே’ என்ற முழக்கத்தோடு ஒரு கூட்டம் நான்காம் கலீஃபா அலீ (ரலி) அவர்களிடமிருந்து பிரிந்தது. போரைத் தீர்க்க மனிதர்களை நடுவர்களாக ஏற்றதே இறைமறுப்பு என்றது. காரிஜிய்யாக்கள் என்று பின்னர் அறியப்பட்டவர்கள் இவர்களே. முழக்கம் குர்ஆனிலிருந்து எடுக்கப்பட்டது. அலீ (ரலி) சொன்ன பதில்: ‘உண்மையான சொல், ஆனால் அதைக் கொண்டு நாடப்படுவது பொய்.’ இன்னொன்றையும் அவர் சொன்னதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன: குர்ஆன் இரண்டு அட்டைகளுக்கு நடுவே எழுதப்பட்ட எழுத்து, அது வாய் திறந்து பேசுவதில்லை, மனிதர்கள்தான் அதைக் கொண்டு பேசுகிறார்கள். நபியின் வீட்டில் வளர்ந்த ஒருவரிடமிருந்து இந்தச் சொற்கள் வருகின்றன என்பதைத் தம்பி எண்ணிப் பார்க்கட்டும்.

சொல்லை மட்டும் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னை உலுக்கும் நிகழ்ச்சி அது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். இரவில் அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை) செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை எதையும் நாங்கள் காணவில்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி வந்தபோது நபி (ஸல்) கடும் கோபத்தோடு, ‘அவரைக் கொன்றுவிட்டார்கள்’ என்றார்கள். ‘தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா? அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே’ என்றார்கள். அந்தத் தோழர்கள் தீயவர்கள் அல்லர். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தார்கள், எதிரில் காயத்தோடு நின்ற மனிதரைப் பார்க்கவில்லை.

இதோடு புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பனூ குறைளா என்ற யூதக் குலத்தாரை நோக்கிப் புறப்பட்டவர்களிடம், ‘பனூ குறைளாவை அடையும்வரை யாரும் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழ வேண்டாம்’ என்று நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சிலர், விரைந்து செல்ல வேண்டும் என்பதுதான் கட்டளையின் நோக்கம் என்று எண்ணி வழியிலேயே தொழுதார்கள். சிலர் சொன்ன சொல்லில் நின்று, போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். நபி (ஸல்) இரு தரப்பில் யாரையும் கண்டிக்கவில்லை. இந்த இடத்தை உங்கள் தம்பிக்கு நிதானமாகக் காட்டுங்கள். சொல்லைப் பின்பற்றியவர்களும் இங்கே கண்டிக்கப்படவில்லை, கவனியுங்கள். அவனைப் போன்றவர்களுக்கும் அந்தச் சபையில் இடம் இருந்தது. வழியில் தொழுதவர்களை அவர்கள் வெளியே தள்ளவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

குர்ஆனில் ‘அக்ல்’ (அறிவு) என்ற பெயர்ச்சொல் ஒரு முறைகூட வரவில்லை. ஆனால் அந்த வேரிலிருந்து வரும் வினை 49 முறை வருகிறது. ‘சிந்தித்து உணர மாட்டீர்களா’, ‘சிந்தித்து உணரும் மக்களுக்கு’ என்றே வரும். அறிவு என்பதைக் கையில் வைத்திருக்கும் பொருளாக அல்லாமல், செய்ய வேண்டிய செயலாக வேதம் பேசுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறிவின் பக்கம் நிற்பவர்கள் எல்லோரும் சகிப்புத்தன்மை உடையவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இஸ்லாமிய வரலாற்றில் அறிவுக்கு முதலிடம் கொடுத்தவர்கள் முஃதஸிலாக்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அவர்களுடைய கொள்கையை அப்பாஸிய கலீஃபா மஃமூன் 833-இல் அறிஞர்கள் மீது திணித்தார். ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். ஒப்புக்கொள்ள மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையில் கிடந்தார். அடுத்து வந்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் சாட்டையடி பட்டார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்தது அந்தக் கொடுமை. அறிவின் பெயரால் நடந்த கட்டாயம் அது. உங்கள் தம்பி கேட்கும் உரைகளில் இந்த நிகழ்ச்சி கட்டாயம் வந்திருக்கும். நீங்கள் ‘பகுத்தறிவு’ என்றதும் அவன் மனத்தில் எழும் படம் அந்தச் சாட்டையாகவும் இருக்கலாம். ஆகவே விவாதம் அறிவா நூலா என்பதல்ல. என் விளக்கம் தவறாக இருக்கலாம் என்று ஒருவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதே கேள்வி. நூலைப் பற்றியவரும் அதை ஒப்புக்கொள்ளலாம், அறிவைப் பற்றியவரும் மறுக்கலாம்.

இந்தப் பணிவுக்கு ஹதீஸிலேயே ஆதாரம் இருக்கிறது. நீதி வழங்குபவர் ஆய்ந்து தீர்ப்பளித்து அது சரியாக அமைந்தால் அவருக்கு இரண்டு கூலி; தவறினால் ஒரு கூலி என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தவறியவருக்கும் கூலி உண்டு! இமாம் ஷாஃபிஈ இராக்கில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குச் சென்றபின் மாற்றிக்கொண்டார். அவருடைய மத்ஹபில் ‘பழைய கருத்து’, ‘புதிய கருத்து’ என்று இன்றும் பிரித்தே கற்பிக்கிறார்கள்.

அதற்காக எல்லாமே அவரவர் விருப்பம் என்று பொருள் இல்லை. தொழுகை கடமையா, நோன்பு கடமையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆதாரமும் பொருளும் ஐயமின்றி நிறுவப்பட்டவை ஒரு வகை. ஆதாரத்திலோ பொருளிலோ ஊகத்துக்கு இடம் இருப்பவை மற்றொரு வகை. குனூத் இரண்டாம் வகை. மாலிகீகளும் ஷாஃபிஈகளும் சுப்ஹில் ஓதுகிறார்கள். ஹனஃபீகளும் ஹன்பலீகளும் பேரிடர்க் காலம் அல்லாதபோது ஓதுவதில்லை. நான்கு தரப்பிடமும் ஹதீஸ் ஆதாரம் உண்டு.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். ‘என் சமுதாயத்தின் கருத்து வேறுபாடு ஓர் அருள்’ என்று நபிமொழியாகப் பரவியிருக்கும் வாக்கியத்தை அவனிடம் சொல்லாதீர்கள். அதற்கு ஏற்கத்தக்க அறிவிப்பாளர் தொடர் இல்லை. அவன் அதை உடனே சுட்டிக்காட்டுவான். நீங்கள் சொன்ன நல்ல ஆதாரங்களும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

மாமியைப் பற்றிய செய்திதான் இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. ஒருவர் தம் சகோதரரைக் காஃபிர் என்று அழைத்தால் அந்தச் சொல் இருவரில் ஒருவர் மீது வந்தே தீரும் என்று நபி (ஸல்) எச்சரித்துள்ளார்கள். போர்க்களத்தில் ஒருவர் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்ன பிறகும் நபித்தோழர் உஸாமா (ரலி) அவரைக் கொன்றார். வாளுக்கு அஞ்சித்தான் சொன்னான் என்று விளக்கமும் சொன்னார். ‘அவன் இதயத்தைப் பிளந்து பார்த்தாயா?’ என்று நபி (ஸல்) கேட்டார்கள். போர்முனையில் சொன்ன கலிமாவுக்கே இந்த மதிப்பு என்றால், வாழ்நாளெல்லாம் தொழுதுவரும் ஒரு பெண்ணைப் பற்றி என்ன சொல்வது? தம்மை எதிர்த்துப் போரிட்ட காரிஜிய்யாக்களைப் பற்றி ‘இவர்கள் காஃபிர்களா’ என்று கேட்கப்பட்டபோது, ‘இறைமறுப்பிலிருந்துதான் அவர்கள் ஓடினார்கள்’ என்று அலீ (ரலி) சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நம் காலத்தில், 2005-இல் அம்மானில் கூடிய 50 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 200 அறிஞர்கள், ஸுன்னி மத்ஹபுகள் நான்கையும் ஜஅஃபரீ, ஸைதீ, இபாதீ, ளாஹிரீ மத்ஹபுகளையும் பின்பற்றுவோரைக் காஃபிர் என்று அறிவிக்கக் கூடாது என்று கூட்டாகச் சொன்னார்கள். தம்பி விவாதத்தில் தோற்றதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

‘மார்க்கத்தில் கட்டாயம் இல்லை’ (2:256) நீக்கப்பட்டது என்று சொன்ன விரிவுரையாளர்கள் உண்டு. அவன் அதைப் புனைந்து சொல்லவில்லை. ஆனால் தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) கலையின் பேராசான் தபரீ அதை ஏற்கவில்லை. வேதம் வழங்கப்பட்டோர் (யூதர், கிறிஸ்தவர்) போன்றோரைக் குறிப்பதாக வரையறுத்தாரே தவிர, நீக்கப்பட்டது என்பதை மறுத்தார். வசனம் இறங்கிய பின்னணியையும் பாருங்கள். மதீனாவில், குழந்தை தங்காத பெண்கள், பிறக்கும் பிள்ளை பிழைத்தால் அதை யூதராக வளர்ப்பதாக நேர்ந்துகொள்வார்கள். பனூ நளீர் என்ற யூதக் குலத்தார் வெளியேற்றப்பட்டபோது அவர்களோடு அன்ஸாரிகளின் (மதீனா முஸ்லிம்களின்) பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம் என்று பெற்றோர் சொன்னபோதுதான் இந்த வசனம் இறங்கியது என்கிறார் இப்னு அப்பாஸ் (ரலி). பெற்ற பிள்ளை விஷயத்திலேயே கட்டாயம் வேண்டாம் என்கிறது.

இணைவைப்பவர்களைக் கொல்லச் சொல்லும் 9:5-ஆம் வசனத்தை அவன் எதிர்வாதமாக எடுத்தால், 9:4-லிருந்து 9:6 வரை சேர்த்து ஓதச் சொல்லுங்கள். முந்தைய வசனம் உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. அடுத்த வசனம், இணைவைப்பவர் ஒருவர் பாதுகாப்புக் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. இதற்குப் பிறகும் அவன் பேச்சு வன்முறையை நியாயப்படுத்தும் பக்கம் திரும்பினால், நீங்கள் தனியாகச் சுமக்காதீர்கள். குடும்பப் பெரியவர்களையும், அவன் மதிக்கக்கூடிய முறையாகக் கற்ற ஓர் ஆலிமையும் உடனே அழையுங்கள்.

குனூத் பிரச்சினைக்கு வருகிறேன். இமாம் அஹ்மதின் கருத்தில் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தால் உளூ (தொழுகைக்கான தூய்மை) முறியும். இமாம் மாலிக்கின் கருத்தில் முறியாது. இரத்தம் வழிந்தும் உளூச் செய்யாத ஒருவரின் பின்னால் தொழுவீர்களா என்று அஹ்மதிடம் கேட்டார்கள். ‘மாலிக்கின் பின்னாலும் ஸயீத் இப்னுல் முஸய்யபின் பின்னாலும் நான் எப்படித் தொழாமல் இருப்பேன்?’ என்றார். சாட்டையடி பட்டும் தம் கொள்கையை விட்டுக்கொடுக்காத அதே அஹ்மத்தான் இதைச் சொன்னார். ஹஜ்ஜில் மினாவில் கலீஃபா உஸ்மான் (ரலி), பயணத்தில் சுருக்கித் தொழும் இரண்டு ரக்அத்துக்குப் பதில் நான்கு தொழுததை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) ஏற்கவில்லை, வெளிப்படையாகவே குறை சொன்னார். பிறகு தாமும் நான்கு தொழுதார். ஏன் என்று கேட்டதற்கு, ‘பிளவு தீயது’ என்றார்.

இந்த இரண்டையும் தம்பியிடம் சொல்லிவிட்டு, வாப்பாவிடம் ஒரு கோரிக்கை வையுங்கள். நாளை சுப்ஹுக்குத் தம்பியை இமாமாக நிற்கச் சொல்லட்டும். அவன் குனூத் ஓதமாட்டான். வாப்பா அவன் பின்னால் நின்று அப்படியே தொழுது முடிக்கட்டும். அடுத்த நாள் வாப்பா முன்னால் நிற்கும்போது, என்ன செய்வது என்று அவன் யோசிப்பான்.