மீசைக்காரரை ‘ஷி’ என்கிற போசன்

வணக்கம் சார்,

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். எங்கள் போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி) பிலிப்பைன்ஸில் செபு தீவுக்காரர், தாய்மொழி செபுவானோ. ஆபீசர் வேலைக்குப் பயிற்சி பெறும் டெக் கேடட் பையன் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணம், தாய்மொழி க்ஸோஸா. இங்கிலீஷ் பேசும்போது இருவருமே ‘ஹி’யையும் ‘ஷி’யையும் குழப்புகிறார்கள். பெரிய மீசை வைத்த எங்கள் சீஃப் ஆபீசரை போசன் ‘ஷி’ என்பார். கேடட் தன் அம்மாவையே ‘ஹி’ என்கிறான். கேட்டால், எங்கள் மொழியில் அந்தப் பேதமே கிடையாது என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இரண்டு மொழிக்கும் ஏதாவது உறவு உண்டா? நம் தமிழுக்கு எது பக்கம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உறவு கிடையாது. உங்கள் கேடட்டின் மொழி கோசா (நீங்கள் எழுதிய ‘க்ஸோஸா’தான்), ஆப்பிரிக்காவின் பாண்டு குடும்பம். சூலுவும் சுவாகிலியும் அதன் சொந்தக்காரர்கள். போசனுடையது ஆஸ்திரனேசியக் குடும்பம்; மலாய் முதல் ஹவாய் வரை பரவியது. (போசனிடம் கேட்டால் தன் மொழியை ‘பிசாயா’ என்றுதான் சொல்வார். அங்கே பேச்சில் அந்தப் பெயர்தான்.)

‘அவன் அவள்’ விஷயத்தில் இருவரும் ஒத்துப்போவது உண்மை. ஆனால் காரணங்கள் வேறு. செபுவானோவில் ‘சியா’ என்ற ஒரே சொல், ஆணுக்கும் பெண்ணுக்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கோசாவின் கதை பெரியது. அங்கே பெயர்ச்சொற்கள் எல்லாம் பதினைந்து வகுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன. நம் இலக்கணம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டது. அவர்கள் மேலே போய்விட்டார்கள். ஆள் ‘உம்கோசா’, மக்கள் ‘அமாகோசா’, மொழி ‘இசிகோசா’. முன்னொட்டு மாறினால் வினையும் கூடவே மாறும். ‘உம்ந்த்வானா உயலீலா’ என்றால் குழந்தை அழுகிறது, ‘அபந்த்வானா பயலீலா’ என்றால் குழந்தைகள் அழுகின்றன. மனிதருக்கென்று ஒரு வகுப்பு ஒதுக்கியாகிவிட்டது. அதற்குள் ஆணா பெண்ணா என்று அந்த இலக்கணம் கேட்பதில்லை.

வெளியே இருந்து பள்ளிக்கூடம் வந்தபோது அதையும் ‘இசி’ என்று தொடங்கும் வகுப்புக்குள் தள்ளிவிட்டார்கள். ஸ்கூல் ‘இசிகோலோ’ ஆனது. முதலில் இருந்த ‘ஸ்’ஸை ‘இசி’ என்ற முன்னொட்டாக்கிக்கொண்டார்கள், பன்மைக்கு ‘இசி’யை (isi) ‘இஸி’ (izi) என்று அதிர வைத்தால் போதும். எனக்கு மிகப் பிடித்த கடன் சொல் இதுதான்.

தமிழுக்கு எது பக்கம் என்றால், உங்களைப் போல இலக்கணத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் போசன்தான் நமக்குச் சித்தப்பா. அவர் மொழியில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, விட்டுவிடுகிறோமா என்ற அந்த வேறுபாடு இங்கிலீஷில் இல்லை, கோசாவிலும் இல்லை. இதை வைத்துக்கொண்டு தமிழையும் செபுவானோவையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். இலக்கணக் குணங்கள் எங்கே வேண்டுமானாலும் தானாக முளைக்கும்.

கோசாவை நம்மோடு சேர்க்க வேண்டுமானால் நான் வேறு வழியாகச் சேர்ப்பேன். அதன் நாக்குச் சொடுக்கு ஒலிகள் தெரியும்தானே? அனுதாபப்பட்டு நாம் உச்சுக்கொட்டுவோமே, அது அங்கே ஒரு மெய்யெழுத்து. ரோமன் எழுத்தில் அதற்கு ‘சி’. கடைவாய் ஓரத்தில் வருவதற்கு ‘எக்ஸ்’. மொழியின் பெயரே அதில்தான் தொடங்குகிறது. ‘க்ஸோஸா’ என்றாலும் ‘கோசா’ என்றாலும் இரண்டும் தப்புதான், நான் சுலபமான தப்பை எடுத்துக்கொண்டேன். இந்த ஒலிகள் பாண்டுச் சொத்து அல்ல, பக்கத்தில் வாழ்ந்த கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. எப்படி உள்ளே வந்தன என்பதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மரபுப்படி கோசாப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் பெயரில் உள்ள அசைகளை வேறு எந்தச் சொல்லிலும் உச்சரிக்கக் கூடாது. ‘ஹ்லோனிபா’ என்று பெயர், மரியாதை என்று பொருள். விலக்கிய அசைக்குப் பதில் அண்டை மொழியின் ஒலியைப் போட்டுப் பேசினார்கள், அது பிள்ளைகள் வாயிலும் தங்கிவிட்டது என்பது அந்த விளக்கம். என் தாத்தா பெயர் பழனி. பாட்டி கடைசிவரை அந்த ஊரை ‘ஆண்டி நின்ன மலை’ என்றுதான் சொன்னாள். ஆகவே எனக்கு இந்த விளக்கத்தின் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு.

சரி, உறவு என்றால் எப்படித் தெரியும்? எண்ணச் சொல்லுங்கள். செபுவானோவில் மூன்று, ஏழு, எட்டு: துலோ, பித்தோ, வாலோ. மடகாஸ்கரின் மலகாசி மொழியில்: தெலு, ஃபித்து, வாலு. ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவில் இது எப்படி? ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் போர்னியோ பக்கத்திலிருந்து படகேறி இந்துமகா சமுத்திரத்தைக் கடந்து போனவர்களின் மொழி அது. போசனுக்கு அது தூரத்துச் சொந்தம்.

பிறகு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பாண்டு மொழிக்காரர்களும் அதே தீவுக்கு வந்தார்கள், வீட்டு விலங்குகளின் பெயர்களைக் கொடுத்தார்கள். மலகாசியில் கோழிக்கு ‘அகுஹு’. சுவாகிலியில் ‘குகு’. உங்கள் கேடட்டைக் கேளுங்கள், ‘இன்குகு’ என்பான். கல்லும் வானமும் எண்ணும் ஒரு பக்கத்து முன்னோர் கொடுத்தது, கோழி மறு பக்கத்தார் கொடுத்தது. உங்கள் கப்பலில் இருவரும் சந்திப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுடைய உறவினர்கள் அந்தத் தீவில் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கப்பல் எப்போதாவது மடகாஸ்கரின் தமத்தாவே துறைமுகத்தில் நின்றால், போசனை இறக்கி அங்கே மூட்டை தூக்குகிறவரோடு பத்து வரை எண்ண வையுங்கள். கேடட்டைக் கோழி வாங்க அனுப்புங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.