நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, நடுவில் எழுதிய அந்த ஒரு வரிதான் அவசரம்

(களியக்காவிளைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் 38 வயது வாசகருக்கு)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஈசிஜி சரி, எக்கோ சரி, சர்க்கரையும் சரி. இதற்கு மேல் நெஞ்சைக் காட்ட இன்னொரு டாக்டரைத் தேடி அலையாதீர்கள். ஆண்மை ஹார்மோன் குறைந்துவிட்டது என்று யாரோ யூடியூப்பில் சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் வாங்கிய அந்தப் பவுடரைத் தூக்கிப் போடுங்கள். மனைவியின் ஸ்கூட்டர் சத்தம் வாசலில் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்கிறீர்களே, இரண்டு வருஷமாக அடியும் சூடும் வாங்கிய உடம்பு அடுத்ததற்குத் தயாராகிறது, அவ்வளவுதான். பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்தால் எவ்வளவு பலசாலிக்கும் இப்படித்தான் வரும். மனைவிக்குத் தைராய்டு இருப்பதால்தான் கை ஓங்குகிறாள் என்று நீங்களே ஒரு காரணமும் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வெளியில் எல்லாரிடமும் நன்றாகப் பழகிவிட்டு வீட்டுக்குள் உங்களை மட்டும் அடிக்கிற வேலையைத் தைராய்டு செய்யாது.

இத்தனை தொல்லைகளை வரிசையாக எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: பெண்டாட்டியிடம் அடி வாங்குகிற நான் ஆம்பிளைதானா, ஆஸ்பத்திரியில் சொன்னால் சிரிப்பார்களா? ஹரியானா கிராமங்களில் மணமான ஆண்கள் 1000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் சற்று மேல் மனைவியால் மனரீதியான வன்முறையை ஒரு தடவையாவது அனுபவித்ததாகச் சொன்னார்கள். அடிபட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 6 பேர். அடிபடுகிறவர்களில் பெண்கள்தான் மிக அதிகம், 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களுக்கென்றே வந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காக உங்கள் முதுகில் இருக்கும் சூட்டுத் தழும்பு பொய்யாகிவிடாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 302 ஆண்களிடம் உதவி தேடிய அனுபவத்தைக் கேட்டார்கள். குடும்ப வன்முறைக்கென்றே இருந்த உதவி எண்களில் பலருக்கு அவமானம்தான் கிடைத்திருக்கிறது. உதவியாக இருந்தவர்கள் என்று அவர்கள் சொன்னது சொந்தக்காரர்கள், நண்பர்கள், மனநல ஆலோசகர்கள், மருத்துவர்கள். அதனால்தான் டாக்டர்களான எங்களிடம் வாருங்கள் என்கிறேன்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். முதுகுவலிக்கும் வாயுவுக்கும் நடுவில், "சில ராத்திரி, நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணும்" என்று எழுதிவிட்டு அடுத்த தொல்லைக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 2022இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், அதில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள், காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை. இந்த எண்ணம் ஒரு நோய்க்குறி, சிகிச்சையில் குறையக்கூடியது, ஆனால் காத்திருக்கக்கூடியது இல்லை. இன்றைக்கே உங்கள் அண்ணனிடமோ மச்சானிடமோ, நம்புகிற ஒருவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரையையும், ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருக்கும் ஆசிட் கேனையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 14416 என்பது டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணம் வலுத்தால், எப்படி எப்போது என்று மனசு யோசிக்க ஆரம்பித்தால், விடியட்டும் என்று இருக்காமல் அவரையும் கூட்டிக்கொண்டு நேரே கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. அல்பிரசோலம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கித் தின்கிற பொருளா? பிராந்தியோடு சேர்த்து வேறு எடுக்கிறீர்கள். பிராந்தியோடு சேர்த்து எடுப்பதை இன்றோடு விடுங்கள். ஆனால் மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் எடுத்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்க்கும்வரை அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் அண்ணன் கையால் வாங்கிக்கொண்டு, இந்த வாரமே டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

குழித்துறையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்கிறீர்கள். சரி, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், இல்லையென்றால் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போங்கள், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. தனியாக உள்ளே போய், மரத்திலிருந்து விழுந்தேன் என்ற பழைய கதையை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். புதிதாகக் காயம் பட்டால் ஏ.ஆர். பதிவு, அதாவது ஆஸ்பத்திரியின் காயப் பதிவேட்டில் பதிவு போடச் சொல்லுங்கள். போலீஸுக்குத் தகவல் போகும்தான், ஆனால் நாளைக்கு உங்கள் மேல் பொய்ப் புகார் வருமோ என்று பயப்படுகிறவருக்குத் தேதி போட்ட மருத்துவப் பதிவை விடப் பெரிய துணை எது? காயப்படுத்துவது குற்றம் என்கிற பொதுச் சட்டம் அடித்தவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோவில் கேட்காதீர்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சலிங் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடி நிற்கும்வரை வேண்டாம், அறைக்குள் நீங்கள் சொன்ன பேச்சுக்கு வீட்டில் வந்து அடி வாங்க வேண்டியிருக்கும். மனைவிக்கும் உதவி தேவைப்படலாம், அது தனியாக நடக்கட்டும். உங்களுக்கு முதலில் மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் திடுக்கிடலுக்கும் கெட்ட கனவுக்கும் அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை உண்டு, வாராவாரம் சில மாதம் போக வேண்டிவரும். தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் தருவார்கள். அது வேலை செய்ய மூன்று நான்கு வாரம் பிடிக்கும், பத்து நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.