கேள்வி: ஃபியூஸ் (கெர்னலுக்கு வெளியே, சாதாரண புரோகிராமாகவே ஃபைல் சிஸ்டம் எழுத உதவும் வசதி) வைத்து சி-யில் நானே எழுதிய ஃபைல் சிஸ்டம், டிஸ்க் நிறைந்தால் எந்தப் பிழையும் காட்டாமல் கோப்பைக் கெடுத்துவிடுகிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

முதலில் உங்கள் ரிலீஸ் ஃபங்ஷனைத் (திறந்த கோப்பு கடைசியாக மூடப்பட்ட பின் ஃபியூஸ் கூப்பிடுவது) திறந்து பாருங்கள். மெமரியில் மிச்சமிருக்கும் டேட்டாவை டிஸ்க்கில் எழுதும் வேலையை அங்கேதான் வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

என்னுடையது கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் சின்ன ஃபைல் சிஸ்டம். எழுத வருவதையெல்லாம் சேர்த்து வைத்து, கோப்பை மூடும்போது மொத்தமாகச் சுருக்கி எழுதும். ஒரு நாள் பெரிய கோப்பு ஒன்றை சிபி கட்டளையால் காப்பி செய்தேன். முணுமுணுப்பே இல்லாமல் முடிந்தது. திறந்தால் பாதிதான் இருந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை. என் கோடும் 'இடமில்லை' என்கிற 28-ஆம் பிழையை ஒழுங்காகத்தான் திருப்பியிருந்தது. ஆனால் ரிலீஸ் எதைத் திருப்பினாலும் ஃபியூஸ் அதை யாரிடமும் சொல்வதில்லை! க்ளோஸ் செய்தவருக்குப் போய்ச் சேருவது, ஒவ்வொரு க்ளோஸின்போதும் ஃபியூஸ் கூப்பிடும் ஃப்ளஷ் ஃபங்ஷன் திருப்பும் மதிப்பு மட்டும்தான்.

அதனால் எழுதும் வேலையை ஃப்ளஷுக்கு மாற்றினேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே திறப்பை டூப் (திறந்த கோப்பின் எண்ணை நகலெடுப்பது), ஃபோர்க் (புரோகிராமையே நகலெடுப்பது) வழியாகப் பலர் பகிர்ந்தால், ஒவ்வொரு க்ளோஸுக்கும் ஒரு ஃப்ளஷ் வரும். 'இன்னும் எழுதவில்லை' என்று ஒரு கொடி வைத்து, எழுதி முடித்த பிறகே அதை இறக்குங்கள். முதலிலேயே இறக்கிவிட்டு எழுதப் போனால், தோற்றாலும் அடுத்த ஃப்ளஷ் எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

இதே கூத்து பெரிய இடத்திலும் நடந்தது. 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழு கவனித்தது: லினக்ஸில் எஃப்சின்க் (டேட்டாவை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) ஒருமுறை தோற்றால், மறுபடி கூப்பிடும்போது வெற்றி என்று வந்துவிடலாம். எழுதப்படாத பக்கங்களைக் கெர்னல் சுத்தமானவை என்று குறித்துவிட்டிருக்கும். கடைசியில் 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பில், எஃப்சின்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி, லாக்கிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி மாற்றினார்கள். எனவே உங்கள் கோடில் 'தோற்றால் இன்னொரு முறை எஃப்சின்க்' என்று லூப் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

அப்புறம், கோப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பழைய கோப்பை வெட்டி காலியாக்கிவிட்டு அதன் மேலேயே எழுதும் பழக்கம். நடுவில் இடம் தீர்ந்தால் பழையதும் போச்சு, புதியதும் இல்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சின்க் செய்து, பிறகு ரீநேம் செய்யுங்கள். ரைட் கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டுத் திரும்பலாம், அது பிழை அல்ல. மிச்சத்தை மறுபடி அனுப்ப வேண்டும். ரைட்டின் பதிலை, குறை எண்களே இல்லாத சைஸ்-டி வகை மாறியில் வாங்கினால் 'பூஜ்யத்துக்குக் கீழா' என்ற சோதனை எப்போதும் பொய்தான். ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் (-Wall) மட்டும் போட்டால் இதற்கு எச்சரிக்கை வராது, டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra) வேண்டும்.

இவ்வளவையும் கோடைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்து ஏமாந்தேன். பிழைப் பாதை யாரும் நடக்காத பாதை, வலுக்கட்டாயமாக நடத்திப் பார்த்தால்தான் தெரியும். 8 எம்பி அளவில் ஒரு டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியிலேயே இயங்கும் ஃபைல் சிஸ்டம்) மவுன்ட் செய்து அதன் மேல் உங்கள் ஃபைல் சிஸ்டத்தை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு, புரோகிராம் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவியின் இன்ஜெக்ட் வசதியால் முதல் ரைட்டைத் தோற்க வையுங்கள், அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. குளோஸ், ரீநேம், அன்லிங்க் எல்லாவற்றுக்கும் இதே போல. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது: புரோகிராமுக்குப் பிழை போய்ச் சேர்ந்ததா, பழைய கோப்பு அப்படியே இருக்கிறதா, தற்காலிகக் கோப்பு குப்பையாகக் கிடக்கிறதா.

எனக்கு அன்லிங்க் (கோப்பை அழிப்பது) சுற்றில்தான் கடைசி பக் மாட்டியது. ரைட் தோற்றதும் தற்காலிகக் கோப்பை அழிக்கப் போவேன், அதுவும் தோற்று, கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவில் தன் எண்ணை எழுதிவிடும். டிஸ்க் நிறைந்ததற்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பதில் போயிருக்கிறது. எர்நோவை முதல் வரியிலேயே வேறொரு மாறியில் எடுத்து வைத்தேன். ஒரே வரித் திருத்தம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.