படப்பிடிப்பில் முதல் வேலை: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பி.காம் முடித்திருக்கிறேன். திரைத்துறையில் யாரையும் தெரியாது. உதவி இயக்குநராகச் சேர எங்கே கேட்பது? (வாசகர், செம்பூர்)

பதில்: ஆள் அறிமுகம் இல்லாதவருக்குத் தயாரிப்பு உதவியாளர் வேலையே எளிய வாசல். விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில் முடிந்துவிடுவதால், அவற்றை எடுக்கும் நிறுவனங்களுக்குப் புதிய ஆட்கள் அடிக்கடி தேவைப்படுகிறார்கள். அந்தேரி மேற்கிலும் வெர்சோவாவிலும் இத்தகைய அலுவலகங்கள் பல உள்ளன. இயக்குநருக்கு எழுதாதீர்கள். நாள் கணக்கில் ஆள் எடுப்பவர், படப்பிடிப்பின் செலவையும் ஏற்பாடுகளையும் கவனிக்கும் லைன் புரொடியூசரோ புரொடக்‌ஷன் மேனேஜரோதான். அவருக்கு உங்கள் சினிமா ஆர்வத்தைவிட, தினச் செலவுக்குக் கொடுத்த பணத்துக்கு இரவே வவுச்சரோடு கணக்கு ஒப்படைப்பீர்கள் என்பதுதான் முக்கியம், உங்கள் பி.காம் அங்கே கைகொடுக்கும். தமிழ் தெரியும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஒரே விளம்பரத்தைப் பல மொழிகளில் எடுக்கும்போது, நடிகர் வாயில் தமிழ் வசனம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆள் தேடுவார்கள்.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாகக் கிளாப் அடிக்கப் போகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், தாராவி)

பதில்: சுலபமாகத் தோன்றினாலும், தளத்தில் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யும் வேலை இது. படம் கேமராவிலும் ஒலி தனிக் கருவியிலும் பதிவாவதால், கிளாப் பலகையின் மேலுள்ள கட்டைகள் சேரும் படத்தையும் 'டக்' என்ற ஒலியையும் வைத்தே எடிட்டர் இரண்டையும் பொருத்துகிறார். ஆகவே சீன், ஷாட், டேக் எண்களை ஒவ்வொரு முறையும் கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) பார்ப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதுவதால் வரும் குழப்பம் எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும். பலகையை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்பது லென்ஸைப் பொறுத்தது. கேமராவின் ஃபோகஸைக் கவனிக்கும் ஃபோகஸ் புல்லரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒலியும் கேமராவும் ஓடத் தொடங்கிவிட்டதாகக் குரல் வந்த பிறகு, எண்களைத் தெளிவாகச் சொல்லி, ஒரே ஒரு முறை அடித்து, கட்டைகளை மூடியபடியே ஒரு கணம் அசையாமல் வைத்திருங்கள். அடித்ததும் ஃபிரேமைவிட்டு விலகி, நடிகரின் பார்வைக் கோட்டில் படாத இடத்தில் நின்றுவிடுங்கள். ஷாட் நடுவே நடந்து திரிவதுதான் புதியவர்கள் திட்டு வாங்கும் முதல் காரணம். குளோசப்பில் நடிகரின் முகத்தருகே மெல்ல அடித்தால் போதும். ஒலிப்பதிவு இல்லாத ஷாட்டில் கட்டைகளுக்கு இடையே விரலை வைத்துப் பிடிப்பார்கள். தொடக்கத்தில் அடிக்க முடியாமல் ஷாட்டின் முடிவில் அடித்தால், பலகையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஒளிப்பதிவு கற்க ஆசை. புனே திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா? (வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: உண்டு. வாடகைக்குக் கேமரா தரும் நிறுவனங்கள், கருவிகளோடு அட்டெண்டன்ட் ஒருவரையும் தளத்துக்கு அனுப்புவது நம் நாட்டு வழக்கம். அந்த வேலையில் சேர்ந்தால் லென்ஸ் துடைப்பது முதல் கேமராவைப் பூட்டிக் கழற்றுவது வரை தினமும் கைப்பழக்கமாகும். அட்டெண்டன்டாகத் தொடங்கி ஃபோகஸ் புல்லர் ஆனவர்களும் இருக்கிறார்கள். பெட்டி தூக்கும் காலம் நீளமானது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கேள்வி: வேலை முடித்து இரண்டு மாதமாகியும் சம்பளம் வரவில்லை. என்ன செய்வது? (வாசகி, மீரா ரோடு)

பதில்: மும்பைத் தொலைக்காட்சித் துறையில் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருவது பழகிப்போன வழக்கம், அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். திரைத் தொழிலாளருக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. நடைமுறையில், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் நாள் கூலி, ஷிஃப்ட் நேரம், கூடுதல் நேரத்துக்கான தொகை, பணம் தரும் தேதி ஆகிய நான்கையும் வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்ற பதிலைப் பெற்று வைக்க வேண்டும். உங்கள் நிலையில், வேலை பார்த்த நாட்களின் கால் ஷீட்டுகளை (அன்றன்றைய படப்பிடிப்பு விவரத் தாள்களை) இணைத்து, தேதியிட்ட பில்லை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வரிப் பிடித்தம் செய்ததாகச் சொன்னால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள்.

கேள்வி: திரைத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், ஆண்டாப் ஹில்)

பதில்: கூடாது. அந்தந்தத் தொழில் பிரிவின் சங்க அலுவலகத்துக்கு நேரில் சென்று, விதிகளைக் கேட்டு, ரசீதுடன் மட்டுமே பணம் கட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் வேலை கிடைத்துள்ளது. இரவில் பாதுகாப்பாக இருக்குமா? (வாசகி, முலுண்ட்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஃபிலிம் சிட்டி ஆரே காட்டை ஒட்டியிருக்கிறது. சிறுத்தை நடமாட்டமும் உண்டு. நள்ளிரவு தாண்டி பேக்-அப் ஆனால் (படப்பிடிப்பு முடிந்தால்) மின்ரயில் கிடைப்பதும் கடினம். ஆகவே, இரவில் வீடுவரை நிறுவனத்தின் வண்டி வருமா, கன்வேயன்ஸ் (போக்குவரத்து) பணம் மட்டும்தானா என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே மகள் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதால் வேலை போகுமென்றால், அந்த வேலை போகட்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள்குழு அமைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அக்குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் அளிக்கலாம்.